கூட்டினால் குலையும், பெருக்கினால் வளரும்

பிரான்சின் போர்தோ நகரத்தை ஒட்டியிருக்கும் ஊர் தலான்ஸ். 1970-களில் அங்கிருந்த ஒரு பள்ளியில், கணிதக் கல்வி ஆய்வாளர் கி புரூசோ பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஓர் அட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு சதுரத்தைக் கோணல்மாணலாகச் சில துண்டுகளாக வெட்டியிருந்தார்கள். சரியாகச் சேர்த்தால் சதுரம் வரும். இதே புதிரைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதுதான் வேலை. இதில் 4 செ.மீ. இருக்கும் பக்கம் புதியதில் 7 செ.மீ. ஆக வேண்டும். குழுவில் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு செய்யலாம்.

பிள்ளைகள் தயங்கவே இல்லை. 4 என்பது 7 ஆக வேண்டுமென்றால் 3 கூட வேண்டும். ஆகவே எல்லாப் பக்கத்திலும் 3 செ.மீ. கூட்டினார்கள். அளந்தார்கள், வெட்டினார்கள், கொண்டுவந்து மேசை மேல் சேர்த்தார்கள். சேரவில்லை. ஒரு பக்கம் இடைவெளி, ஒரு பக்கம் ஒன்றின் மேல் ஒன்று. முதலில் எழுந்த சந்தேகம் கணக்கின் மேல் இல்லை, பக்கத்தில் இருந்தவன் மேல்: நீதான் ஒழுங்காக வெட்டவில்லை. மறுபடி அளந்து வெட்டினாலும் அதே கதிதான்.

எங்கே பிசகு? புதிரில் 4 செ.மீ. பக்கமும் 7 செ.மீ. பக்கமும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 11. ஒவ்வொன்றிலும் 3 கூட்டினால் 7-உம் 10-உம், ஆக மொத்தம் 17. அந்த 11-ஐ முழு நீளமாக எடுத்து 3 கூட்டினால் 14. ஒரே கோட்டுக்கு இரண்டு நீளம்! துண்டாக வெட்டினால் ஒரு விடை, வெட்டாவிட்டால் வேறு விடை. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு எந்தப் புதிரையும் சேர்க்க முடியாது.

பெருக்கிப் பாருங்கள். 4 என்பது 7 ஆக, 7/4 ஆல், அதாவது 1.75 ஆல் பெருக்க வேண்டும். 7 செ.மீ. பக்கம் 12.25 ஆகும். இரண்டும் சேர்ந்து 19.25. முழு 11-ஐ 1.75 ஆல் பெருக்கினாலும் அதே 19.25. வெட்டிப் பெருக்கினாலும் பெருக்கி வெட்டினாலும் ஒன்றுதான். வடிவம் குலையாமல் வளர வேண்டுமென்றால் ஒவ்வொரு நீளமும் ஒரே எண்ணால் பெருக்கப்பட வேண்டும். அந்த எண்ணுக்குப் பள்ளிப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் அளவு காரணி. இந்த அத்தியாயம் முழுக்க அதை 'ம' என்று எழுதுவோம்.

96 சிறு வேலைகள்

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற சினிமா பேனர்களும் கட்-அவுட்டுகளும் கையால் வரையப்பட்டவை. ஓவியரிடம் கொடுக்கப்படுவது ஒரு ஸ்டில். அது 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் என்றும், பேனர் 8 அடிக்கு 12 அடி என்றும் எடுத்துக்கொள்வோம். ஸ்டில்லின் மேல் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு இழுத்தால் 8 × 12, அதாவது 96 கட்டங்கள். துணியில் சுண்ணப்பொடி தோய்ந்த நூலை இழுத்துப் பிடித்து, அடிக்கு ஒரு கோடாக நூல் அடித்தால் அங்கும் 96 கட்டங்கள். அரை அங்குலம் ஓர் அடியாகிறது. ம = 24.

இனி ஓவியர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கட்டத்தைப் பார்த்தால் போதும். புருவத்தின் கோடு இந்தக் கட்டத்தின் இடப்பக்க விளிம்பில் பாதி உயரத்தில் நுழைந்து, மேல் விளிம்பில் முக்கால் தூரத்தில் வெளியேறுகிறது. பெரிய கட்டத்திலும் அதே பாதி, அதே முக்கால். அளவுகோலே தேவையில்லை, பின்னங்களைக் கண் எடுத்துக்கொள்கிறது. ஒரு பெரிய வேலை 96 சிறு வேலைகளாகிவிட்டது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கட்டமில்லாமல் நெற்றியில் தொடங்கி வரைந்துகொண்டே போனால், மூக்கில் விழுந்த சிறு பிசகு வாயையும் தாடையையும் நகர்த்திவிடும். கட்டம் இருந்தால் ஒரு கட்டத்தின் தப்பு அடுத்த கட்டத்துக்குத் தாவாது. ஒவ்வொரு கோட்டிலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆனால் ஸ்டில்லில் கட்டம் போடும்போதே ஒரு கோடு 1 மி.மீ. விலகியிருந்தால், துணியில் அது 24 மி.மீ. விலகலாக வந்து நிற்கும். பிசகும் 'ம' மடங்கு வளரும்.

இந்த உத்தி மிகப் பழையது. பண்டைய எகிப்தின் மத்திய இராச்சியக் காலத்துக் கல்லறைகளில், முடிக்கப்படாமல் விட்ட சுவர்களில் சிவப்புக் கோடுகளால் ஆன கட்டங்கள் இன்றும் தெரிகின்றன. நிற்கும் மனிதனுக்குப் பாதத்திலிருந்து நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டம். முழங்கால் ஆறாவது கோட்டில், தோள் பதினாறாவது கோட்டில். உருவம் ஒரு சாண் உயரமானாலும் பனை உயரமானாலும் அதே 18. கட்டத்தின் அளவு மட்டும் மாறும்.

இப்போது அதே வேலையைச் செய்யும் இயந்திரத்திடம் வருவோம். கைபேசியில் எடுத்த 1200 × 1600 பிக்சல் படம் ஒன்று 6 அடிக்கு 8 அடி ஃப்ளெக்ஸாகிறது. அடிக்கு 200 பிக்சல்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.5 மி.மீ. சதுரம். நல்ல பார்வையுள்ள கண், 6 மீட்டர் தூரத்தில் சுமார் 1.75 மி.மீ. இடைவெளியைத்தான் பிரித்துப் பார்க்கும். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். அருகில் போனால் கட்டம் கட்டமாக உடையும். படம் பெரிதானதே தவிர, அதில் புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை. பேனர் ஓவியர் ஸ்டில்லில் தெரியாத இமை முடியைத் தன் அனுபவத்திலிருந்து வரைந்து சேர்த்தார். வெறும் பெருக்கலுக்கு அந்த வித்தை வராது.

மையம் எங்கே?

கிராஃப் தாளில் ஒரு முக்கோணம் வரைவோம். அ (1, 1), ஆ (4, 1), இ (1, 3). அடி 3 கட்டம், உயரம் 2 கட்டம். ம = 2 என்றால் எல்லா எண்களையும் 2 ஆல் பெருக்கலாம்: (2, 2), (8, 2), (2, 6). அடி 6, உயரம் 4. முக்கோணம் இரண்டு மடங்கானதோடு, மேலே வலப்பக்கமாக நகர்ந்தும் விட்டது. காரணம், நாம் ஆதிப்புள்ளியை மையமாக வைத்துப் பெருக்கியிருக்கிறோம். ஆதிப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் ஒரு கோடு இழுத்து, அதை அதே திசையில் இன்னொரு மடங்கு நீட்டியதுதான் இந்தக் கணக்கு.

மையத்தை 'அ' முனையிலேயே வைத்தால்? அந்த முனை அசையாது. மற்ற இரண்டும் அதிலிருந்து விலகி (7, 1), (1, 5) என்று போய் நிற்கும். அடியும் உயரமும் முன்போலவே 6, 4. மையத்தை எங்கே வைத்தாலும் கிடைக்கும் முக்கோணம் ஒன்றே. தாளில் அது உட்காரும் இடம்தான் மாறுகிறது. கோணங்களில் எதுவும் அசையவில்லை என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் செய்ததுபோல 3-ஐயும் 2-ஐயும் இரண்டு கூட்டி 5, 4 ஆக்கியிருந்தால், சாய்ந்த பக்கம் இன்னும் செங்குத்தாக நிமிர்ந்திருக்கும். அது வேறு முக்கோணம்.

மையத்தையும் காரணியையும் வைத்து ஒரு மலையையே செதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ரஷ்மோர் மலையில் நான்கு அதிபர்களின் முகங்கள் உள்ளன. ஒவ்வொரு முகமும் 60 அடி. சிற்பி கட்சன் போர்க்ளம் தலைமையில் 1927 முதல் 1941 வரை நடந்த வேலை. பட்டறையில் இருந்த மாதிரிகள் அசலில் 12-ல் ஒரு பங்கு. மாதிரியின் உச்சந்தலையில் 360 பாகை குறித்த ஒரு தட்டு. அதன் நடுவிலிருந்து சுழலும் ஒரு சட்டம். சட்டத்திலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு. மூக்கு நுனியைக் குறிக்க மூன்று எண்கள் போதும்: சட்டம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது, குண்டு சட்டத்தில் எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது, எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது. மலை உச்சியிலும் இதே கருவி, 12 மடங்கு பெரிதாக. அங்குலத்துக்கு ஓர் அடி என்பதால் பெருக்கவே வேண்டாம்; அங்குலம் என்று படித்ததை அடி என்று அளந்தால் முடிந்தது. பாகையை மட்டும் தொடக்கூடாது. மாதிரியில் 40 பாகை என்றால் மலையிலும் 40 பாகைதான். அப்படிக் குறித்துக்கொடுத்த ஆழம் வரை வெடி வைத்துப் பாறையை உதிர்த்தார்கள். அகற்றிய பாறையில் பெரும்பகுதி டைனமைட்டால் போனது.

காரணி 1-ஐ விடக் குறைந்தால் வடிவம் சுருங்கும். 1:50,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் 2 செ.மீ. ஆகிறது. காரணி எதிர்மறையானால் இன்னும் வேடிக்கை. கோடு மையத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும்; வடிவம் தலைகீழாகும். இதை இருட்டறையில் கண்ணால் காணலாம். சன்னலை மூடி ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள். 20 மீட்டர் தள்ளி நிற்கும் 10 மீட்டர் தென்னை, துளைக்கு 2 மீட்டர் பின்னால் உள்ள சுவரில் 1 மீட்டர் உயரத்தில் தலைகீழாக விழும். மையம் அந்தத் துளை, காரணி −1/10. பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்த இந்த இருட்டறையின் வாரிசுதான் ஒவ்வொரு கேமராவும்.

ஜெராக்ஸ் கடையின் 141

நம் முக்கோணத்தின் பரப்பளவு 3 கட்டம். ம = 2 ஆனபோது அடி 6, உயரம் 4, பரப்பளவு 12. ம = 3 என்றால் அடி 9, உயரம் 6, பரப்பளவு 27. பக்கங்கள் 2, 3 என்று வளரும்போது பரப்பு 4, 9 என்று வளர்கிறது. காரணம் கிராஃப் தாளிலேயே இருக்கிறது: ஒரு சிறு கட்டத்தை அகலத்தில் 3 மடங்கும் உயரத்தில் 3 மடங்கும் நீட்டினால் அதற்குள் 9 சிறு கட்டங்கள் அடங்கும். எந்த வடிவமானாலும், வளைந்த விளிம்பாகவே இருந்தாலும், கட்டத்துக்குக் கட்டம் இதேதான். பரப்பு ம² மடங்கு.

ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் எடுக்க 141% என்று தட்டுகிறார்கள். ஏ3 என்பது ஏ4-ஐப் போல இரு மடங்கு. 200% அல்லவா தட்ட வேண்டும்? இரு மடங்கானது பரப்பு. பக்கம் வளர வேண்டியது √2 மடங்கு, 1.414. அதை 200% என்று தட்டினால் நான்கு ஏ4 சேர்ந்த அளவுக்குப் படம் வீங்கி, பாதி தாளுக்கு வெளியே போய்விடும். ஏ வரிசைத் தாள்களின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதமும் இதே √2. அதனால்தான் ஏ3-ஐ நடுவில் மடித்தால் அதே வடிவத்தில் ஏ4 வருகிறது. ஜெர்மன் இயற்பியலர் லிஷ்டன்பெர்க் 1786-ல் ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தின் நன்மையை எழுதினார். 1922-ல் ஜெர்மனி அதைத் தரநிலையாக்கியது. ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் ஓர் ஏ4 பக்கம் சரியாக 5 கிராம்.

பருந்து வளர்ந்த கணக்கு

பரப்பு இவ்வளவு ஆக வேண்டும், பக்கத்தை எத்தனை மடங்காக்குவது என்ற இந்தத் தலைகீழ்க் கேள்வியை, ஜெராக்ஸுக்கு ஏறத்தாழ இரண்டரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் கேட்டு விடை கண்டிருக்கிறார்கள். வேள்வி மேடைகளைக் கயிறு பிடித்து அமைக்கும் முறைகளைச் சொல்லும் நூல்கள் சுல்ப சூத்திரங்கள். அவற்றுள் பழையது பௌதாயனருடையது. அதில் வரும் ஒரு மேடை, சிறகு விரித்த பருந்தின் வடிவம் கொண்டது. செங்கற்களை ஐந்து அடுக்காக அடுக்கிக் கட்டுவது. 1975-ல் கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் இந்த வேள்வி நடந்தபோது பறவை வடிவ மேடை கட்டப்பட்டதை ஆய்வாளர் ஃப்ரிட்ஸ் ஸ்டால் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

முதல் முறை கட்டும்போது பருந்தின் பரப்பு 7½ சதுர புருஷம். ஒரு புருஷம் 120 விரற்கடை. வேள்வி செய்பவர் கையை உயர்த்தி நிற்கும் உயரம். இரண்டாம் முறை 8½, மூன்றாம் முறை 9½ என்று ஏறி 101½ வரை போகலாம். ஆனால் பருந்து பருந்தாகவே இருக்க வேண்டும். சிறகு மட்டும் நீண்டாலோ வால் மட்டும் பருத்தாலோ ஆகாது.

7½-ல் 1 கூட்ட வேண்டும். கூடுதலான அந்த ஒரு சதுர புருஷத்தைத் தனியாக எங்கேயாவது ஒட்டினால் வடிவம் கெடும். ஒவ்வொரு சதுர புருஷத்துக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். பௌதாயனரின் வழி இது: கூடுதல் பரப்பைப் 15 பங்காக்கி, ஒவ்வொரு சதுர புருஷத்துக்கும் இரண்டு பங்கு கொடு. ஏழு முழுச் சதுரத்துக்கு 14 பங்கு, அரைச் சதுரத்துக்கு ஒரு பங்கு, 15-உம் தீர்ந்தது. இனிப் பழைய அளவுச் சதுரத்தின் இடத்தில் 1 + 2/15 பரப்புள்ள புதிய சதுரம். அதன் பக்கமே புதிய புருஷம். அந்தப் புதிய கோலால் பழைய விதிப்படியே எல்லாவற்றையும் அளந்தால் பருந்து தானாக வளர்ந்துவிடும்.

அளவு காரணியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. படத்தை மாற்றாதே, அளவுகோலை மாற்று என்கிறார். இன்றைய கணக்கில் ம = √(17/15), சுமார் 1.065, 120 விரற்கடைக் கோல் ஏறக்குறைய 127¾ விரற்கடை ஆகும். இந்த வர்க்கமூலத்தை அவர்கள் எண்ணாகத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு சதுரங்களின் பரப்பைச் சேர்த்து ஒரே சதுரமாக்கும் கயிற்று முறை, நாம் பித்தாகரஸ் தேற்றம் என்று படிப்பது, அதே நூலில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையின் √2-வுக்கும் சுல்ப சூத்திரம் ஒரு மதிப்புத் தருகிறது: 1 + 1/3 + 1/12 − 1/408. கூட்டிப் பாருங்கள், ஐந்து தசம இடம் வரை சரியாக வரும்.

கோலத்தில் எத்தனை புள்ளி?

வாசலில் புள்ளிக் கோலத்தைப் பெரிதாக்க இரண்டு வழி. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அதிகமாக்கலாம். அப்போது கோலம் வளரும், புள்ளி அதேதான். அல்லது இடைவெளியை அப்படியே வைத்துப் புள்ளி வரிசைகளை அதிகமாக்கலாம். பருந்து முதல் வகை. இரண்டாவது வகையில் கட்டம் அசையாமல் நிற்க, அதன் மேல் வெளி வடிவம் வளர்கிறது. எத்தனை புள்ளி கூடும்?

இடுக்குப் புள்ளியில் 3 புள்ளி, 2 வரை என்றால் 2 + 3 + 2 = 7. அடுத்து 5 புள்ளி, 3 வரை: 3 + 4 + 5 + 4 + 3 = 19. அடுத்து 7 புள்ளி, 4 வரை: 37. வெளி வடிவம் ஓர் அறுகோணம். அது 1, 2, 3 மடங்காக வளரும்போது புள்ளிகள் 7, 19, 37 என்று வளர்கின்றன. இரண்டு மடங்குமில்லை, நான்கு மடங்குமில்லை. 7-லிருந்து 19-க்கு 2.7 மடங்கு சொச்சம்.

இப்போது நம் கிராஃப் தாள் முக்கோணத்துக்குத் திரும்பி, அதன் மேலும் உள்ளேயும் விழும் கட்டப் புள்ளிகளை எண்ணுங்கள். விளிம்பில் 6, உள்ளே (2, 2) என்ற ஒன்றே ஒன்று, மொத்தம் 7. இரண்டு மடங்கு முக்கோணத்தில் விளிம்பில் 12, உள்ளே 7, மொத்தம் 19. மூன்று மடங்கில் விளிம்பில் 18, உள்ளே 19, மொத்தம் 37. கோலத்தின் அதே எண்கள்! அறுகோணத்துக்கும் இந்தச் சாய்ந்த முக்கோணத்துக்கும் என்ன உறவு?

விடை 1899-ல் கியோர்க் பிக் வெளியிட்ட ஒரு தேற்றத்தில் இருக்கிறது. வியன்னாவில் பிறந்து பிராகில் பேராசிரியராக இருந்தவர். 1942-ல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். முனைகளெல்லாம் கட்டப் புள்ளியில் அமைந்த எந்தப் பலகோணத்துக்கும், பரப்பளவு என்பது உள்புள்ளிகளோடு விளிம்புப் புள்ளிகளில் பாதியைக் கூட்டி 1-ஐக் கழித்தால் வரும் எண் என்றார். நம் முக்கோணத்தில் 1 + 3 − 1 = 3. சரி. 'ம' மடங்காக்கினால் பரப்பு ம² மடங்கு, விளிம்புப் புள்ளிகள் 'ம' மடங்கு. இரண்டையும் பிக்கின் விதியில் போட்டால் மொத்தப் புள்ளிகள் 3ம² + 3ம + 1. 1, 2, 3 என்று இட்டுப் பாருங்கள்: 7, 19, 37.

கோலத்திலும் இதே கணக்குதான். புள்ளிகள் இடுக்கில் இருப்பதால் அங்கே அடிப்படைக் கட்டம் சதுரம் இல்லை, சாய்ந்த சாய்சதுரம்; ஒவ்வொன்றும் இரண்டு சிறு முக்கோணம். சிறிய அறுகோணத்தில் ஆறு முக்கோணம், ஆக மூன்று கட்டம். விளிம்பில் ஆறு புள்ளி. முக்கோணத்துக்கும் 3 கட்டம், 6 புள்ளி. இரண்டு எண்களும் பொருந்திவிட்டதால், எத்தனை மடங்கு வளர்த்தாலும் புள்ளிகள் கூடவே பொருந்தி வருகின்றன.

பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த எழேன் எர்ஹார் (1906–2000) இந்தக் கேள்வியை 1960-களில் மிகப் பெரிதாக விரித்தார். அறுபது வயதில்தான் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அவரது கண்டுபிடிப்பின் ஒரு முகம் வியப்பானது. 3ம² + 3ம + 1-ல் 'ம'-வுக்குப் பதில் எதிர்மறை எண்ணைப் போடுங்கள். −2 என்றால் 12 − 6 + 1 = 7; −3 என்றால் 27 − 9 + 1 = 19. இவை என்ன? இரண்டு மடங்கு, மூன்று மடங்கு முக்கோணங்களின் உள்புள்ளிகள்! விளிம்பைக் கழித்துவிட்டு உள்ளே உள்ளவற்றை மட்டும் எண்ணித் தருகிறது எதிர்மறைக் காரணி. இருட்டறைச் சுவரில் தென்னையைத் தலைகீழாக்கிய அதே குறிக்கு, புள்ளிகளின் உலகத்தில் இப்படி ஒரு வேலை.

கல் கனக்கும் விதம்

கிராஃப் தாளை விட்டு எழுந்து நிற்கும் பொருளுக்கு வந்தால் மூன்றாவது கணக்கு ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஓர் அடி உயரக் கற்சிலை 10 கிலோ என்போம். அதையே அச்சுமாறாமல் 10 அடியில் செதுக்கினால் எடை 100 கிலோ இல்லை, 1,000 கிலோவும் இல்லை. 10,000 கிலோ, அதாவது 10 டன். கன அளவு ம³ மடங்கு. சிலை நிற்கும் பாதத்தின் பரப்போ ம², அதாவது 100 மடங்குதான் கூடியிருக்கிறது. 1,000 மடங்கு எடையை 100 மடங்கு பாதம் தாங்க வேண்டும். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் பத்து மடங்கு அழுத்தம். வடிவம் அப்படியே இருக்கிறது, ஆனால் கணுக்கால் விரிசல் விடலாம்.

கலிலியோ 1638-ல் லைடன் நகரில் அச்சான 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் இதைத்தான் எழுதினார். ஒரு எலும்பை வரைந்து, பக்கத்தில் அதன் மூன்று மடங்கு நீளமான, அதே பலத்தோடு வேலை செய்யக்கூடிய எலும்பையும் வரைந்து காட்டினார். இரண்டாவது எலும்பு மூன்று மடங்கைக் காட்டிலும் மிகப் பருமனாக, அவலட்சணமாக இருக்கும். பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964-ல் புவனேஸ்வரில் மறைந்த உயிரியலாளர் ஹால்டேன், 1926-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் கதைகளில் வரும் பத்து மடங்கு உயர அரக்கனை இந்தக் கணக்கில் நிறுத்தினார். மனிதத் தொடையெலும்பு மனித எடையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கில் முறிந்துவிடும். அரக்கன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் அவன் தொடை முறியும்.

ஆகவே யானையைப் பெரிய எலியாகப் படைக்க முடியாது. அதன் கால்கள் தூணாகத்தான் இருக்க வேண்டும். அளவு மாறும்போது இயற்கை வடிவத்தையும் மாற்றிக்கொள்வதற்கு, ம²-உக்கும் ம³-உக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளிதான் காரணம்.

இடத்துக்கு இடம் மாறும் காரணி

இதுவரை தாள் முழுவதும் ஒரே காரணி. இடத்துக்கு இடம் அது மாறினால்? 1569-ல் மெர்க்கேட்டர் வெளியிட்ட உலகப்படம் அப்படிப்பட்டது. நிலநடுக்கோட்டில் காரணி 1. சென்னையின் 13 பாகையில் 1.03. ஹெல்சிங்கி இருக்கும் 60 பாகையில் 2. துருவத்தை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறும். 60 பாகையில் நீளம் 2 மடங்கு என்றால் பரப்பு 4 மடங்கு. இன்னும் வடக்கே உள்ள கிரீன்லாந்து அதற்கும் மேலே வீங்கியிருக்கும். உண்மையில் இந்தியா கிரீன்லாந்தைப் போல ஒன்றரை மடங்கு. சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு 22 லட்சம். படத்திலோ இந்தியாவைப் பல மடங்கு விஞ்சிக்கொண்டு கிரீன்லாந்து உட்கார்ந்திருக்கிறது.

மெர்க்கேட்டர் தெரிந்தேதான் இதைச் செய்தார். அவர் படம் மாலுமிகளுக்கானது. திசைகாட்டி காட்டும் கோணம் தாளிலும் அதே கோணமாக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு புள்ளியிலும் கிழக்கு மேற்காக எவ்வளவு நீட்ட வேண்டியிருந்ததோ, வடக்கு தெற்காகவும் அவ்வளவே நீட்டினார். சின்னஞ்சிறு பகுதியை மட்டும் பார்த்தால் அது சுத்தமான பெரிதாக்கல். ஒரு சிறு தீவின் வடிவம் கெடாது. கோணத்தைக் காக்கப் பரப்பை விட்டுக்கொடுத்த படம் அது. கப்பல் செலுத்த அதை நம்பலாம், நாடுகளை ஒப்பிட நம்பக்கூடாது.

செய்து பாருங்கள்

பெரிதாக்கும்போது கோணமும் விகிதமும் மாறாமல் நிற்கின்றன. நீளமும் சுற்றளவும் 'ம' மடங்கு, பரப்பு ம² மடங்கு, கன அளவும் எடையும் ம³ மடங்கு என்று மற்றவை ஆளுக்கொரு வேகத்தில் ஓடுகின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் இரண்டு மடங்கு என்றால் அது அரைகுறைச் செய்தி.

நாளிதழ்களில் வரும் விளக்கப் படங்களில் இந்த அரைகுறைச் செய்தியை அடிக்கடி பார்க்கலாம். நெல் உற்பத்தி இரண்டு மடங்கானதைக் காட்ட, இரண்டு மடங்கு உயரமான ஒரு மூட்டையை வரைவார்கள். வடிவம் கெடாமலிருக்க அகலத்தையும் இரண்டு மடங்காக்குவார்கள். தாளில் மூட்டை நான்கு மடங்கு இடம் பிடிக்கிறது. உண்மை மூட்டையாகக் கற்பனை செய்தால் எட்டு மடங்கு நெல் கொள்ளும். டாரல் ஹஃப் 1954-ல் எழுதிய புள்ளிவிவரப் புரட்டுகள் பற்றிய புத்தகத்தில் இதே தந்திரத்துக்குப் பணமூட்டையை உதாரணம் காட்டினார்.

அடுத்த முறை அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், கண்ணாடித் தாளில் கட்டம் போட்டு இரண்டு மூட்டைகள் மேலும் வைத்து எண்ணுங்கள். உயரத்தில் எத்தனை மடங்கு, கட்டங்களில் எத்தனை மடங்கு என்று இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு செய்தியில் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். கட்டங்களின் மடங்கு செய்தியோடு ஒத்துப்போனால் படம் நேர்மையானது. அப்போது உயரம் √2 மடங்குதான், சுமார் 1.4, இருக்கும். உயரம் ஒத்துப்போய்க் கட்டங்கள் மிஞ்சினால், வளர்ந்தது உற்பத்தி மட்டும் இல்லை.